கடல் கடந்து வாழப் போகும் பெண்ணும் வேலையில்லாதோர் உதவித்தொகையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி போனில் ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், ரெண்டு வருஷமா புதூர் வேலைவாய்ப்பு ஆபீஸ் மூலமா எனக்கு உதவித்தொகை வருது. கல்யாணம் ஆகி அவரோட சிங்கப்பூர் போறேன். அம்மா இங்க உறுதிமொழிப் படிவத்தைக் குடுத்துட்டா மூணாவது வருஷமும் பணம் வருமா?"

வாங்கக் கூடாதும்மா என்றேன். ஏன் என்று கேட்டாள். அதற்குப் பதில் நூறு வருடத்து வரலாற்றில் இருக்கிறது. உங்களில் பலருக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வேலை இழந்தவருக்குக் கிடைக்கும் பணம் இரண்டு வகை. சம்பளத்திலிருந்து சந்தா கட்டி, வேலை போனதும் வாங்குவது காப்பீடு. சந்தா எதுவும் இல்லாமல், ஏழைக் குடும்பம் என்று பார்த்து அரசு கொடுப்பது உதவி. முதலாவது உரிமை. இரண்டாவது நிபந்தனைக்கு உட்பட்டது.

கட்டாயக் காப்பீட்டு முறையை நாடு தழுவிய சட்டமாக முதலில் கொண்டுவந்தது பிரிட்டன். 1911-ம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட சில தொழில்களில் இருந்தவர்களுக்கு வேலை போனால் வாரம் 7 ஷில்லிங், ஓர் ஆண்டில் 15 வாரம் வரை கிடைத்தது. ஆனால் 1931-ல் அங்கே ஒரு திருத்தச் சட்டம் வந்தது. கல்யாணமான பெண் இனி வேலைக்கு வரமாட்டாள் என்ற எண்ணத்தில், அவளுக்கு மட்டும் கூடுதல் நிபந்தனைகள் போட்டார்கள். கல்யாணத்துக்கு முன் அவள் கட்டிய சந்தா மட்டும் போதாது என்றாகிவிட்டது. பெண்ணின் கல்யாணத்தைக் காரணமாக வைத்துப் பணத்தை நிறுத்தும் பழக்கம் நம் ஊரில் பிறந்ததல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே வேலையின்மை பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. இலவச அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வேண்டும் என்றது. காப்பீடு உள்ள நாடுகள் தங்களுக்குள் பேசி, ஒரு நாட்டுத் தொழிலாளி இன்னொரு நாட்டில் வேலை செய்தால் அந்த நாட்டுக்காரருக்கு உள்ள அதே பலனை அவருக்கும் தர வேண்டும் என்றது. இந்தியா 1921-ல் இதை ஏற்றது. 1938-ல் விலகிக்கொண்டது.

அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஜனங்களின் நிலை என்ன? மதுரை, ராமநாதபுரம் சீமையிலிருந்து ஏராளமானோர் மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்தார்கள். புருஷனைத் தேடிக் கப்பலேறிய பெண்களும் அதில் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தது. வேலை போனவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பக் கப்பல் டிக்கெட்தான் கிடைத்தது. பல்லாயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

நமக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் வந்தது 1945-ல். உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்காகத் தொடங்கினார்கள். தேசப் பிரிவினையில் அகதியாக வந்தவர்களையும் சேர்த்தார்கள். 1948-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது.

ஆசிரியர் பயிற்சி முடித்த எங்கள் தலைமுறைக்கு அந்தப் பதிவு அட்டை எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்குத் தெரியாது. பதிவு மூப்புதான் வேலையைத் தீர்மானித்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டியதுதான். மேலூர்ப் பெண் திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டுப் போனால், மூப்பு கெடாமல் பதிவை அந்த மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போனால் மாற்ற இடமில்லை. அப்படிப் போன பெண்களின் அட்டையை இங்கே அப்பாக்கள் விடாமல் புதுப்பித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். என்றாவது திரும்பி வந்தால் உதவுமே என்ற ஆசைதான். 2012-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்த பிறகு அந்த மூப்பின் மதிப்பும் குறைந்துபோனது.

இந்த அலுவலகத்தில் பதிந்து காத்திருப்போருக்குத்தான் 2006-ல் தமிழக அரசு உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. இப்போது மாதத்துக்குப் பத்தாம் வகுப்பு தவறியவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிவு செய்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் மட்டுமே கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் சுய உறுதிமொழி தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி விதிகள் உண்டு.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வாருங்கள். கணவர் சிங்கப்பூரில் வாங்கும் சம்பளம் ஒன்றே வருமான வரம்பைத் தாண்டிவிடும். அதோடு, கூப்பிட்டால் வேலைக்கு வருவேன் என்பதுதான் பதிவின் பொருள். கடல் தாண்டி இருப்பவள் எப்படி வர முடியும்? அவள் பெயரில் இங்கே யாராவது உறுதிமொழி கொடுத்தால் அது பொய் உறுதிமொழி. மாதம் நாநூறு ரூபாய்க்காக அம்மாவை அப்படி எழுத வைக்காதீர்கள்.

வெளிநாடுகளில் எப்படி? கணவனோ மனைவியோ வேறு ஊருக்குப் போவதால் வேலையை விடுவது கனடா சட்டத்தில் நியாயமான காரணம். பிரான்சிலும் அப்படியே. அதாவது, தானே வேலையை விட்டவர் என்று சொல்லிப் பணத்தை மறுப்பதில்லை. ஆனாலும் பொதுவாக நாட்டு எல்லையைத் தாண்டினால் பணம் நின்றுவிடும்.

பணம் எல்லை தாண்டும் இடம் ஐரோப்பிய ஒன்றியம். உதாரணமாக, ஜெர்மனியில் வேலை இழந்து உதவி பெறும் நம் ஈழத்து உறவுப் பெண் ஒருத்தி, ஜெர்மன் குடியுரிமை பெற்றவள், பிரான்சில் இருக்கும் கணவரிடம் போகிறாள் என்று வையுங்கள். முதலில் நான்கு வாரம் ஜெர்மன் அலுவலகத்தில் பதிவில் இருக்க வேண்டும். யு2 என்ற படிவம் வாங்க வேண்டும். பிரான்ஸ் போய் ஏழு நாளுக்குள் அங்கே வேலை தேடுபவராகப் பதிய வேண்டும். இதையெல்லாம் செய்தால் ஜெர்மன் பணமே மூன்று மாதம் வரும். ஆறு மாதம் வரை நீட்டிக்கவும் விதி இடம் தருகிறது. 1919-ல் காகிதத்தில் எழுதிய எண்ணம் அங்கே ஓரளவு நடைமுறைக்கு வந்திருக்கிறது.

நம் நாட்டில் இ.எஸ்.ஐ. சந்தா கட்டியவர்களுக்கு 2005-லும் 2018-லும் வேலையிழப்புத் திட்டங்கள் வந்தன. ஆனால் அவை ஆலை மூடல், ஆட்குறைப்பு போலத் தன் விருப்பம் இல்லாமல் வேலை போனவர்களுக்கு. கல்யாணத்துக்காக வேலையை விட்ட பெண்ணுக்கு அதில் இடமில்லை.

ஆனால் ஓர் இடத்தில் நம் சட்டம் அவளை நினைத்திருக்கிறது. 1952-ம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 69-வது பத்தி அது. வேலையை விட்டவர் முழுப் பணத்தையும் எடுக்கக் குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து, திருமணத்துக்காக ராஜினாமா செய்யும் பெண்ணுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுவோரும் முழுத் தொகையை எடுக்கலாம். மில்லிலும் ஜவுளிக்கடையிலும் வேலை பார்த்த எத்தனையோ பெண்கள் இது தெரியாமல் பணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அது அவர்கள் உழைத்த காசு.

ஆகவே வெளிநாடு போகும் பிள்ளைகளே, உதவித்தொகை வாங்குபவராக இருந்தால் புதூர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள். பி.எஃப். பிடித்திருந்தால் விமானம் ஏறும் முன் சொக்கிகுளம் அலுவலகத்தில் விசாரியுங்கள். எடுக்கும் விதிகளை அண்மையில் மாற்றி வருகிறார்கள், அதனால் நேரில் கேட்பது நல்லது. ஆதார், வங்கிக் கணக்கு, போன் எண் மூன்றும் சரியாக இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். போகும் நாட்டில் வேலை கிடைத்தால், அங்கே வேலையிழப்புக் காப்பீடு உங்களுக்குப் பொருந்துமா என்று முதல் மாதச் சம்பளம் வாங்கும்போதே கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகள், உங்கள் நாட்டு விதி எப்படி என்று கீழே எழுதுங்கள். அடுத்துப் போகிறவளுக்கு உதவும். எல்லோரும் நன்றாக இருங்கள்.