முகமூடியைக் கழற்றிய வேட்டைக்காரன்

கதாநாயகனின் முகத்தையே காட்டாமல் ஒரு தொடரை ஓட்ட முடியுமா? 'த மண்டலோரியன்' பார்க்கத் தொடங்கினபோது எங்களுக்கும் இந்தச் சந்தேகம்தான் வந்தது. 2019 நவம்பர் 12, டிஸ்னி பிளஸ் தொடங்கிய அதே நாளில் வெளியான தொடர் இது. முதல் பருவத்தின் எட்டு அத்தியாயங்களில் கடைசியில்தான் நாயகன் டின் ஜாரினின் முகத்தைப் பார்க்கிறோம். அதுவும் கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தத் தலைக்கவசத்துக்குப் பின்னால் நாற்பது வருசக் கதை ஒன்று இருக்கிறது.

அந்த முகமூடி முதலில் வந்தது திரையில் அல்ல, தெருவில். 1978 செப்டெம்பரில், கலிபோர்னியாவின் சான் அன்செல்மோ என்ற சிற்றூரின் ஊர்வலத்தில் டார்த் வேடரோடு போபா ஃபெட் நடந்து வந்தான். ஆள் யாரென்று சனத்துக்குத் தெரியாது. அந்த நவம்பரில் தொலைக்காட்சியில் கார்ட்டூனாக வந்தான். 1980இல் 'த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் அவனுக்கு இருந்தது நான்கே நான்கு வசனம். 1983இல் அடுத்த படத்தில் பாலைவனத்து ராட்சதப் பிராணி ஒன்றின் வாய்க்குள் விழுந்து போய்விட்டான். அவ்வளவுதான். ஆனாலும் ரசிகர்கள் அவனை விடவில்லை. முகம் தெரியாத இடத்தில் ஆளாளுக்கு ஒரு கதையைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

இந்த வகை மனிதன் அதற்கு முதலே சினிமாவில் இருந்தவன். ஜப்பானில் அகிரா குரோசாவா 1961இல் எடுத்த 'யோஜிம்போ'வில் ஊர் பேர் தெரியாத ஒரு சாமுராய் வருவான். அதையே அனுமதி கேட்காமல் 1964இல் இத்தாலியரான செர்ஜியோ லியோனி கௌபோய் படமாக்கினார். நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட். போபா ஃபெட்டின் கவசத்துக்குள் நின்று நடித்த ஜெரமி புல்லொக், தன் நடைக்கு அந்த ஈஸ்ட்வுட்டைத்தான் மனதில் வைத்திருந்தார். குழந்தையோடு அலையும் வாள்வீரனின் கதையும் 1970இலேயே 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையாக வந்துவிட்டது.

அப்போ ஜோன் ஃபவ்ரோ உருவாக்கிய இந்தத் தொடரில் புதுசா என்ன இருக்கு?

போபா ஃபெட்டுக்கு முகமூடி ஒரு மர்மம் மட்டும்தான். டின் ஜாரினுக்கு அது ஒரு சத்தியம். போரில் தாய் தகப்பனை இழந்த சிறுவன் அவன். ஒளிந்திருந்தவனைக் காப்பாற்றி வளர்த்தவர்கள் மண்டலோரியர்கள். இன்னொருவர் முன்னால் தலைக்கவசத்தைக் கழற்றக்கூடாது என்பது அவர்கள் கொடுத்த விதி. உயிர் தந்தவர்களின் விதியை எப்படி மீறுவது? சாகக் கிடக்கும்போதும் கழற்ற மறுக்கிறான். காயத்துக்கு மருந்து போட வந்தது ஒரு இயந்திரம், உயிருள்ள ஒன்றல்ல என்பதால்தான் அன்றைக்கு அவன் தப்புகிறான்.

இரண்டாம் பருவத்தில் பிடி தளருகிறது. முகத்தை மறைக்காத வேறு மண்டலோரியர்களைச் சந்திக்கிறான். தன் இனத்துக்கே பொதுவானது என்று நம்பியிருந்த விதி, ஒரு சிறு குழுவின் விதி மட்டும்தான் என்று தெரிய வருகிறது. பிறகு, கடத்தப்பட்ட குழந்தை குரோகுவைத் தேடி எதிரியின் தளத்துக்குள் போகிறான். அங்கே கருவி முகத்தைக் கேட்கிறது. சுற்றிவர எதிரிகள். கழற்றுகிறான்.

எங்களுக்கு இந்தத் தொடரில் பெரிய சண்டை அதுதான். அதில் ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் பெட்ரோ பாஸ்கல். 1975இல் சிலியில் பிறந்தவர். பினோசேயின் சர்வாதிகாரத்துக்குத் தப்பி, கைக்குழந்தையான அவரோடு குடும்பம் நாட்டை விட்டு ஓடியது. டென்மார்க்கில் தஞ்சம் பெற்று, பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. பல காட்சிகளில் கவசத்துக்குள் நின்றவர்கள் வேறு நடிகர்கள். ஆனால் முகம் தேவைப்பட்ட இடத்தில் நின்றது, அகதிக் குழந்தையாக வளர்ந்த அந்த மனிதன்.

காப்பாற்றியவர்கள் தந்ததை எவ்வளவு தூரம் காவுவது, எந்த இடத்தில் இறக்கி வைப்பது? தொடர் இதற்கு லேசான பதில் தரவில்லை. கழற்றியதற்கு அவன் விலையும் கொடுக்கிறான். தன் குழுவில் அவனுக்கு இடமில்லாமல் போகிறது. இன்னும் பார்க்காதவர்கள், சண்டைக்காக இல்லாவிட்டாலும், பதினைந்தாம் அத்தியாயம் வரைக்கும் பொறுமையாகப் பாருங்கள்.