எதிரொலிக்கும் மண்டபமும் ஒலிவாங்கியும்

பேசுவோன் குரல் செவியில் விழுவது வேறு; அவன் சொல் விளங்குவது வேறு. இவ்வேறுபாட்டை மனிதன் படிப்படியாக உணர்ந்த வரலாறே மண்டபங்களின் ஒலி வரலாறு எனலாம்.

அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1895இல் திறக்கப்பட்ட ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம், விரிவுரைக்கே உதவாததாயிற்று. அங்கு சாதாரண குரலிற் கூறிய ஒரு சொல் ஏறத்தாழ ஐந்தரைச் செக்கன் ஒலித்தது. அதற்குள் அடுத்துவந்த சொற்கள் அதனுடன் கலந்து குழம்பின. இக்குறையை ஆராயும் பணி வொலஸ் சேபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, முழக்கம் அடங்கும் நேரத்தை இரவுகளில் அளந்தார். மண்டபத்தின் கனவளவும், அங்குள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் திறனுமே முழக்கத்தின் நீட்சியை நிர்ணயிக்கின்றன என்பது அவர் கண்ட முடிபு.

ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் வந்தபின் இத்தொல்லை தானே தீர்ந்துவிடவில்லை. தொடக்ககால ஒலிவாங்கிகளிற் பல, எத்திசை ஒலியையும் ஏறக்குறைய ஒருபடித்தாகவே ஏற்றன. பேச்சாளனின் நேரொலியோடு சுவர்களில் தெறித்த ஒலியும் அவற்றுட் புகுந்தது. இரண்டும் ஒருங்கே பெருக்கப்பட்டமையால் குரல் உரத்ததேயன்றிச் சொல் தெளியவில்லை.

1930களின் தொடக்கத்தில் ஹரி ஓல்சன் உருவாக்கிய நாடா ஒலிவாங்கி, முன்னும் பின்னும் வரும் ஒலியை ஏற்றுப் பக்கவொலியைப் புறக்கணித்தது. 1939இல் பெஞ்சமின் பௌவரின் வடிவமைப்பில் ஷூர் நிறுவனம் வெளியிட்ட யுனிடைன் ஒலிவாங்கியோ பின்புற ஒலியைப் பெரிதும் விலக்கிற்று. இதய வடிவ ஏற்புப்பரப்புடைய இத்தகைய ஒலிவாங்கி, எல்லாத் திசைகளிலுமிருந்து சமமாக வரும் முழக்கச் சக்தியில் மூன்றிலொரு பங்கையே ஏற்கும். ஆகவே, எத்திசையும் ஏற்கும் ஒலிவாங்கியிலும் ஏறத்தாழ 1.7 மடங்கு தொலைவில் இதனை வைத்தும் அதே தெளிவைப் பெறலாம்.

ஆயினும் வகையைப் போலவே தூரமும் கருதத்தக்கது. தூரம் இருமடங்காகும்போது நேரொலியின் செறிவு நான்கிலொன்றாகும். மண்டபத்தை நிறைத்த முழக்கமோ பெரிதும் குறையாது. இதனால், வாயருகே உள்ள எளிய ஒலிவாங்கி, தூரத்தே நிறுத்திய உயர்ந்த ஒலிவாங்கியிலும் மேலான பயனைத் தருதல் கூடும். அன்றியும், தெளிவாக வாங்கப்பட்ட பேச்சும் ஒலிபெருக்கியினின்று வெளிப்பட்டதும் அதே சுவர்களில் மீண்டும் தெறிக்கும். அதனைத் தடுக்க எந்த ஒலிவாங்கியாலும் இயலாது. அதற்குச் சேபைன் காட்டிய வழியில் மண்டபத்தையே சீர்செய்தல் வேண்டும்.

பொதுமண்டபத்திற் கூறப்படும் கருத்து முன்வரிசையாரோடு நின்றுவிடின், பின்னிருப்போர் சபையில் இருந்தும் இல்லாதவரே ஆவர். எனவே, ஒலிவாங்கியைத் தெரிவதும் அதனைத் தக்க இடத்தில் வைப்பதும் கருவி பற்றிய சிறு கருமங்கள் அல்ல. அவையோர் அனைவரையும் சமமாக மதிக்கும் செயல்களாகும்.