அக்டோபர் 15: சென்னையும் வடகிழக்குப் பருவமழையும்

"ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்பது நமக்கெல்லாம் தெரிந்த பழமொழிதான். ஆனால் இந்த ஐப்பசி மழை ஒரு காலத்தில் சென்னைப் பட்டணம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையிலேயே குறுக்கிட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாடப் புத்தகத்தில் கர்நாடகப் போர்கள் என்று நான்கு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த நான்கு வரிக்குள் ஒரு புயலும் ஒளிந்திருக்கிறது.

முதலில் வானிலை

கேரளா, மும்பை பக்கம் எல்லாம் ஜூன் மாதமே மழைக்காலம் வந்துவிடும். அப்போது சென்னையில் பகல் முழுக்க வெயில் கொளுத்தும். சில நாட்களில் மட்டும் மாலையில் மேற்கே கருத்து, இடியோடு ஒரு மழை பெய்து ஓயும். செப்டம்பர் கடைசி வரை இதே கதைதான்.

அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. அதுவரை மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வீசியது, இப்போது வடகிழக்கிலிருந்து வங்கக் கடலைத் தாண்டி ஈரத்தோடு வருகிறது. மீனவர்கள் வாடை என்றும் கொண்டல் என்றும் சொல்வது இந்தக் காற்றுகளைத்தான். கரையோர நீரோட்டமும் திரும்பிவிடும். வடக்கு நோக்கி ஓடியது தெற்கு நோக்கி ஓட ஆரம்பிக்கும். மழையின் நேரமும் மாறிவிடும். மாலை இடிமழை போய், நடுராத்திரியிலும் விடியற்காலையிலும் கடல் பக்கமிருந்து மழை வரும். சராசரியாக அக்டோபர் 20ஐ ஒட்டி பருவமழை தொடங்குகிறது. ஆண்டு முழுவதும் சென்னை பெறும் சுமார் 1400 மில்லிமீட்டரில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் விழுகிறது. புயல்கள் வருவதும் இந்தச் சமயத்தில்தான்.

துறைமுகம் இல்லாத துறைமுக நகரம்

1639ல் ஆங்கிலேயர்கள் கோட்டை கட்டத் தேர்ந்தெடுத்த இடம் ஒரு வெறும் மணல் கரை. அங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். இது நம் கடற்கரை மக்களின் தொழில்நுட்பம். இவர்கள் இல்லாமல் கம்பெனியின் வியாபாரமே நடந்திருக்காது.

வாடைக் காற்று வந்துவிட்டால் ஆபத்து. காற்று கடலிலிருந்து கரையை நோக்கித் தள்ளும்போது, நங்கூரம் அறுந்த கப்பல் நேராகக் கரையில்தான் மோதும். அதனால் அக்டோபர் 15 அன்று கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிடுவது வழக்கமாக இருந்தது. "இனி இங்கே நிற்காதே" என்று கப்பல்களுக்கு அது எச்சரிக்கை. டிசம்பர் 15 வரை இந்த நிலைதான்.

1746: நின்றவர்களின் கதை

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே கப்பல் படையோடு வந்து சென்னையைப் பிடித்தார். 11 லட்சம் பகோடா (வராகன்) கொடுத்தால் நகரத்தைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரோடு ஒப்பந்தமும் பேசினார். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்கு இது பிடிக்கவில்லை. இருவருக்கும் இடையே சண்டை வளர்ந்தது, நாட்கள் ஓடின. காற்று மாறும் காலம் நெருங்குகிறது என்று தெரிந்தும் கப்பல்கள் சென்னைக் கடலிலேயே நின்றன.

அக்டோபர் 13 இரவு புயல் வந்தது. (ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் அவர்கள் குறிப்புகளில் இது அக்டோபர் 2 என்று இருக்கும். குழம்ப வேண்டாம்!) நின்றிருந்த எட்டுக் கப்பல்களில் நான்கு போயின, மீதி நான்கும் பெரும் சேதம் அடைந்தன. 1200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இவர்கள் யாரும் போரில் சாகவில்லை. ஒரே ராத்திரிக் காற்றில் செத்தார்கள்.

கப்பல் பலம் போனதும் லாபூர்தொனேயின் பேரம் பேசும் பலமும் போய்விட்டது. நகரத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். துய்ப்ளே ஒப்பந்தத்தை ரத்து செய்தார். அதை ஏற்காமல் உள்ளூர்க்காரர் போல வேடமிட்டு கடலூர் கோட்டைக்குத் தப்பியவர்களில் ஒரு இளம் எழுத்தர் இருந்தார். அவர்தான் ராபர்ட் கிளைவ். சில வாரங்களில் அடையாற்றங்கரையில் ஆற்காடு நவாபின் பெரும்படையை சுமார் ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை தோற்கடித்தது. பயிற்சி பெற்ற சிறு படையே இங்கே போதும் என்று ஐரோப்பியர்கள் தெரிந்துகொண்டது அந்தச் சண்டையில்தான். அதன் விளைவு நமக்குத் தெரியும்.

புயல் இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவை ஆண்டிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. 1748 உடன்படிக்கைப்படி 1749ல் சென்னை ஆங்கிலேயரிடமே திரும்பியது. ஆனால் யார் எப்போது கிளம்பினார்கள், யார் பேச்சு எடுபட்டது என்பதை அந்த ஒரு இரவு மாற்றியது உண்மை.

பிறகு நடந்தது

1792ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டினார்கள். 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எடுக்கப்பட்டன. 1813 முதலான மழை அளவுகள் இன்றும் கிடைக்கின்றன. தமிழ் உட்பட சில மொழிகளில் கல்வெட்டு பொறித்த அதன் கருங்கல் தூணை இப்போதும் வானிலை மைய வளாகத்தில் பார்க்கலாம். 1870களில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள்.

என்னை யோசிக்க வைப்பது ஒன்றுதான். கடலில் இருந்தவர்கள் மழைக்கு ஒரு தேதி குறித்து ஒதுங்கிப் போனார்கள். நிலத்தில் இருந்தவர்கள் அதே மழைக்கு ஏரிகளை வெட்டி இடம் ஒதுக்கினார்கள். நாம் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் கட்ட ஆரம்பித்தோம், அதன் பிறகு நிறுத்தவே இல்லை. 2015லும் 2023லும் வெள்ளம் வந்தபோது எதிர்பாராத மழை என்றோம். மழை எவ்வளவு என்பது வேண்டுமானால் எதிர்பாராததாக இருக்கலாம். அது வரும் மாதம் மட்டும் குறைந்தது 250 வருடமாக இந்த ஊருக்குத் தெரியும்.