நந்திதுர்க்: மலையை விட்டு மண்ணுக்குள் இறங்கிய பெயர்

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் என்றொரு பகுதி உண்டு. அங்கே கோட்டையும் இல்லை, நந்தியின் பெயரைத் தாங்கிய மலையும் இல்லை. மலை இருப்பது சிக்கபள்ளாப்பூர் பக்கம். நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி. தங்கவயல்காரர் ஒருவர் நந்திதுர்க்கில் பிறந்தேன் என்று சொன்னால், பெங்களூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை விடியலில் மேகம் பார்க்கப் போகும் நந்திமலையை நினைத்துக்கொள்வார். இவர் சொல்வது ஒரு சுரங்கத்தை, அதை ஒட்டி வரிசை வரிசையாக நின்ற லைன் வீடுகளை.

மலையின் பெயர் சுரங்கத்துக்கு வந்த வழியில் கங்க அரசர்கள், கார்ன்வாலிஸ் பிரபு, லண்டன் கம்பெனிக்காரர்கள், வட ஆர்க்காட்டுக் கூலித் தொழிலாளர்கள் என்று பலர் நிற்கிறார்கள்.

பெயரின் முன்பாதியிலிருந்து தொடங்குவோம். மேலைக் கங்கர் தங்களை அழைத்துக்கொண்ட விருதுப் பெயர்களில் இரண்டு சேர்ந்தே வரும்: குவளாலபுரத்துக்கு ஈசுவரர், நந்தகிரிக்கு, அதாவது நந்திமலைக்கு, நாதர். குவளாலபுரம்தான் பின்னாளில் கோலாலமாகிக் கோலார் ஆனது. ஆக, கோலாரும் நந்தியும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரே மூச்சில் சொல்லப்பட்ட பெயர்கள். மலையடிவாரத்துப் போகநந்தீசுவரர் கோயிலின் வரலாறு ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் போகிறது. உச்சியில் யோகநந்தீசுவரர். கங்கருக்குப் பின் சோழர் வந்தார்கள். கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தக் கல்வெட்டுகளின் மொழியில் இந்த நாட்டுக்கு நிகரிலிசோழ மண்டலம் என்று பெயர். லூயி ரைஸ் 1905-இல் வெளியிட்ட கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டுகிறவர்கள் அங்குள்ள தமிழின் அளவைக் கண்டு வியப்பார்கள். சுரங்கத்துக்கு வேலை தேடி வந்த தமிழருக்கு முன்பே தமிழ் அங்கே கல்லில் இருந்தது.

நந்திக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட துர்க் இன்னும் சுவையானது. எளிதில் நெருங்க முடியாத இடம் என்ற பொருளில் வடமொழியில் துர்க்க என்பார்கள். மலைக்கோட்டைக்கு அதுவே பெயராயிற்று. கன்னடத்தில் சித்ரதுர்க என்பதுபோல் ஈற்றில் அகரம் நிற்கும். தமிழ் வாயில் அது துருகம் ஆகும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தியாகதுருகத்தை நினைத்துக்கொள்ளலாம். வெறும் ககர மெய்யில் முடியும் துர்க் கன்னடத்துக்கும் உரியதல்ல, தமிழுக்கும் உரியதல்ல. சங்ககிரி துர்க் என்று வெள்ளைக்காரன் எழுதிப் பழக்கியதை நாமும் சொல்லிப் பழகினோமே, அதே வடிவம். தங்கவயல்காரர் நந்திதுர்கா என்றும் சொல்லவில்லை, நந்திதுருகம் என்றும் சொல்லவில்லை. இந்தப் பெயர் கன்னட ஊரில், தமிழர் வாயில் புழங்கினாலும் ஆங்கில எழுத்தின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது என்பதற்கு அந்தக் கடைசி ஒற்றெழுத்தே சாட்சி.

ஆங்கிலேயர் அதை 'ட்ரூக்' என்று ஒலித்தார்கள். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 அக்டோபரில், கார்ன்வாலிஸின் படை இரவோடு இரவாக ஏறித் திப்புவின் நந்திக் கோட்டையைப் பிடித்தது. அந்தப் போர்களின் செய்திகளோடு சேர்ந்து ட்ரூக் என்ற சொல் இங்கிலாந்தில் பிரபலமாயிற்று. அதற்கு முன்பே லண்டனில் அது கட்டடமாகவும் நின்றுவிட்டது: மராட்டியக் கடற்கரையில் 1755-இல் சுவர்ணதுர்க்கத்தைப் பிடித்த வில்லியம் ஜேம்ஸின் நினைவாக அவர் மனைவி 1784-இல் எழுப்பிய கோபுரத்துக்குச் செவர்ன்ட்ரூக் என்று பெயர். இன்றும் நிற்கிறது. சுவர்ணம் என்றால் பொன் என்பது அந்த வழியாகப் போகும் லண்டன்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

போர்ப் பெயர் அடுத்து ஆட்சிப் பெயரானது. மைசூரை ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட காலத்தில், பௌரிங் ஆணையராக இருந்தபோது, நாட்டை மூன்று கோட்டங்களாகப் பிரித்தார்கள். நந்திதுர்க் கோட்டம் அவற்றில் ஒன்று. பெங்களூர், கோலார், தும்கூர் மாவட்டங்கள் அதில் அடங்கின. எனவே 1870-களின் தொடக்கத்தில் லவெல் என்ற ஓய்வுபெற்ற ராணுவ வீரர், லெப்டினன்ட் வாரன் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்த குறிப்பைப் படித்துவிட்டுப் பொன் தேடி வந்தபோது, அவர் கால் வைத்த நிலத்தின் அரசாங்க முகவரியே நந்திதுர்க். கம்பெனிக்காரர்கள் பெயரை மலையிலிருந்து எடுக்கவில்லை, கோட்டத்தின் பெயரிலிருந்து எடுத்தார்கள் என்பதே என் முடிவு. 80 கிலோமீட்டர்த் தாவலுக்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

மற்றச் சுரங்கங்களின் பெயர்களையும் பாருங்கள்: மைசூர், பாலகாட், கோரமண்டல், சாம்பியன் ரீஃப். பங்கு வாங்கும் லண்டன்காரரின் காதுக்கு ஏற்ற பெயர்கள். உள்ளூர்க் கிராமப் பெயரைத் தாங்கியது ஊரிகாம். கோரமண்டல் என்பது கடற்கரையின் பெயர். சோழமண்டலம் திரிந்தது என்பது பலரும் ஒப்பும் கருத்து. கடல் மட்டத்துக்கு மேலே எண்ணூறு மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், கடலே தெரியாத இடத்தில் கடற்கரைப் பெயர் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அதே மண் ஒருகாலத்தில் நிகரிலிசோழ மண்டலம்! பெயர் வைத்தவருக்குத் தெரியாமலே பழைய பெயர் வீடு திரும்பியிருக்கிறது.

பெயர் வைத்தது லண்டன். அதைச் சுமந்தவர்கள் யார்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்; பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். நந்திமலைத் தொடரை ஒட்டிப் பிறக்கும் பாலாறு பேத்தமங்கலம் ஏரியை நிரப்பி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியே கிழக்கே இறங்குகிறது. சாதிக் கட்டும் பஞ்சமும் துரத்திய பாலாற்றங்கரை ஜனங்கள் அந்த ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஏறி வந்து, நந்தியின் பெயரைத் தாங்கிய குழியில் இறங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கவயலில் வேலை செய்தவர்கள் முப்பதாயிரம் பேர் அளவுக்கு இருந்தார்கள். மூங்கில் தட்டி வீடுகளில் குடும்பங்கள். 'மைன்ஸ்ல வேலை' என்றால் கிராமத்தில் மரியாதை. உள்ளே என்ன நடக்கிறது என்பது வேறு கதை. 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையானபோது மிஞ்சி நின்ற மூன்று மைசூர், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்.

உள்ளே நடந்ததில் அறிவியலும் உண்டு. 1960-களில் பம்பாய் டாடா ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தன. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-இல் பிடித்தன. மேனன், ஸ்ரீகண்டன், மியாகே, உல்பென்டேல் ஆகியோரின் பெயர்கள் அந்த ஆய்வோடு நிலைத்தன. அதே ஆண்டில் அதே நியூட்ரினோவைப் பிடித்த இன்னொரு குழு இருந்த இடமும் தங்கச் சுரங்கமே, தென்னாப்பிரிக்காவில். மூன்று நாட்டுப் பல்கலைக்கழக விஞ்ஞானம் கூடிய இடம் என்று தங்கவயல் பெருமைப்படலாம். ஆனால் கருவிகள் இருந்த ஆழத்துக்கு விஞ்ஞானிகளைக் கூண்டில் இறக்கி ஏற்றிய தொழிலாளி ஆய்வுத்தாளில் எங்கும் வரமாட்டார். அவர் நுரையீரல் வேறொரு ஆய்வில் வந்தது. பாறைத்தூள் படிந்து நுரையீரல் கல்லாகும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே 1934-இல் இங்கேதான். 1940-களில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளரைச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது.

இப்படி வெளியாள் வந்து அளந்துகொண்டு போவது ஒரு வகை ஆய்வு. பாதிக்கப்பட்டவரே கேள்வி எழுப்பி, தாமே தேடி, கண்டதைக் கொண்டு தம் நிலையை மாற்றிக்கொள்ளப் பார்ப்பது இன்னொரு வகை. இரண்டாவதற்குச் செயல் ஆய்வு என்று பெயர் வந்தது 1940-களில். பெயர் சூட்டியவர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய உளவியலர் குர்ட் லெவின். பிறகு கொலம்பியாவில் பால்ஸ் போர்தா, தன்சானியாவில் தொடங்கிய பட் ஹால், 1982-இல் டெல்லியில் பிரியா அமைப்பை நிறுவிய ராஜேஷ் டாண்டன் என்று அது வளர்ந்தது. ஹாலும் டாண்டனும் 2012 முதல் இந்தத் துறைக்கான யுனெஸ்கோ இருக்கையைச் சேர்ந்து நடத்தினார்கள். பல்கலைக்கழகமும் சமூகமும் சரிசமமாக உட்கார்ந்து ஆராய வேண்டும் என்பது இன்று உலகப் பேச்சு.

தங்கவயல் இத்தகைய ஆய்வைச் செயல் ஆய்வு என்ற பெயர் பிறக்கும் முன்பே செய்தது. 1898-இல் தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர், பிரம்மஞான சபையின் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, வித்யோதய பிரிவேனாவின் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். அந்தப் பிரிவேனா பின்னர் பல்கலைக்கழகமானது. அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிகுப்பத்தில் 1907 வாக்கில் கிளை எழுந்தது. அதே ஆண்டு 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் வந்தது. அதன் பக்கங்களில் பண்டிதர் செய்தது பெரும்பாலும் சொல்லாராய்ச்சி! சாதிப் பெயர்களும் பண்டிகைப் பெயர்களும் எங்கிருந்து வந்தன, எப்போது இழிவேற்றப்பட்டன என்று தோண்டினார். அவர் சொன்ன சொல்மூலங்கள் எல்லாம் மொழியியலில் நிற்கும் என்று சொல்லமாட்டேன், சில நிற்கா. ஆனால் பெயரை ஆராய்வது விடுதலைக்கான வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த இயக்கத்துக்குத் துணையாகப் பௌத்த அறிஞர் பேராசிரியர் லட்சுமி நரசு நின்றார். ஷிப்ட் முடித்து வந்த தொழிலாளர்கள் சந்தா கட்டினார்கள், கூடிப் படித்தார்கள், விவாதித்தார்கள். பண்டிதர் 1914-இல் மறைந்த பின், 1926-இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது.

பல்கலைக்கழக உலகம் இதைக் கண்டுகொள்ள 1990-கள் ஆகின. ஞான. அலாய்சியஸ் இந்தப் பௌத்த இயக்கத்தைப் பற்றி 1998-இல் நூல் எழுதினார். அடுத்த ஆண்டு, அன்பு பொன்னோவியம் போன்றோர் காத்துவைத்திருந்த இதழ்களின் துணையோடு அவர் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தது. வீட்டு அலமாரியில் கிடந்த தாள்களைச் சமூகம் காத்தது, கல்லூரி அச்சிட்டது. தமிழில் பல்கலைக்கழகமும் மக்களும் கைகோத்ததற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். யாரும் இதற்குச் செயல் ஆய்வு என்று பலகை மாட்டவில்லை. அதே 1998-இல் ஜானகி நாயரின் நூலும் சுரங்கத் தொழிலாளரின் போராட்டங்களை வரலாறாக்கியது. அவற்றில் முக்கியமான ஒன்று, கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் நடந்த வேலைநிறுத்தம். கம்பெனிக்கு ரேகை போதும் என்று பட்டது. தொழிலாளிக்கோ அது குற்றவாளிக்கு இடும் அடையாளமாகப் பட்டது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த பொன் சுமார் 800 டன். விட்டுப் போனது சயனைடு கலந்து அரைத்த மண், மூன்று கோடி டன்னுக்கும் மேல், மலைமலையாக. கோடைக் காற்றில் அந்தத் தூள் லைன் வீடுகளுக்குள் வருகிறது. நந்தி என்ற பெயரில் மலை வேண்டும் என்றால் இப்போது அதுவும் இருக்கிறது.

மூடிய பின் ரயிலேறிப் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில் நந்திதுர்க் இன்னும் முகவரியாக நிற்கிறது. ஷாப்ட்டுகளுக்கும் லைன்களுக்கும் தெருக்களுக்கும் கம்பெனி வைத்த பெயர்கள் ஆவணங்களில் இருக்கும். தொழிலாளர் வைத்த பெயர்கள் வயதானவர்கள் வாயில் மட்டுமே இருக்கின்றன. ஒசாகாவும் டர்ஹமும் மறுபடி வரட்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் பெங்களூர்ப் பல்கலைக்கழகங்களும் வரட்டும். வருகிறவர்கள் கேள்வித்தாளைக் கையோடு கொண்டுவர வேண்டாம். மாரிகுப்பத்து வாசகர் கூட்டம் நூறாண்டுக்கு முன் என்ன கேட்டது என்று முதலில் படித்துவிட்டு வரட்டும். இதைப் படிக்கும் தங்கவயல்காரர் யாராக இருந்தாலும், உங்கள் லைனுக்கு உங்கள் தாத்தா சொன்ன பெயரை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், தேதியோடு.