மாளிகைக் கொலைக்கதையும் கோணமலைக் கோட்டையும்

திருகோணமலையிற் கடலுள் நீண்டு செல்லும் நிலமுனையிலே பிரெடெரிக் கோட்டை அமைந்துள்ளது. அதனுள் வெல்லெஸ்லி இல்லம் எனப் பெயர் பெற்ற பழைய கட்டடம் ஒன்று உண்டு. பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனாகி வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆதர் வெல்லெஸ்லி, 1800 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு திரட்டப்பட்ட படைக்குத் தலைமை தாங்க வந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே பம்பாய்க்குப் புறப்பட்டார். அவர் இங்கு தங்கியதன் நினைவாகவே அப்பெயர் வழங்குகின்றது. திருகோணமலைக்கு வருமுன் அவர் பொறுப்பேற்றிருந்த நகர் சீரங்கப்பட்டணம். ஆங்கிலக் கிராமப்புற மாளிகையைக் களமாகக் கொண்ட துப்பறியும் கதையின் பிறப்பை ஆராய்வார் அந்நகரை விடுத்துத் தொடங்குதல் இயலாது.

1799 மே 4 ஆம் நாள் திப்பு சுல்தான் வீழ்ந்தான். அன்றிரவு வெற்றி பெற்ற படையினர் நகரைச் சூறையாடினர். மறுநாட் பொறுப்பேற்ற வெல்லெஸ்லி, கொள்ளையிட்டோருட் சிலரைத் தூக்கிலிட்டும் வேறு பலரைக் கசையால் அடிப்பித்தும் ஒழுங்கை நிலைநாட்டினார். அதன்பின் திப்புவின் கருவூலம் முறைப்படி மதிப்பிடப்பட்டுப் பதவி வரிசைக்கேற்பப் படையினரிடையே பங்கிடப்பட்டது. தனியொருவன் எடுத்தால் தூக்கு. கணக்கெழுதி எடுத்தால் உரிமைப் பங்கு. குற்றம் யாது என்ற வினாவுக்கு இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டை எந்தத் துப்பறியும் ஆசிரியரும் படைத்திலர்.

வில்கி கொலின்ஸ் 1868 இல் எழுதிய ‘மூன்ஸ்டோன்’ என்னும் நாவல் இந்தச் சீரங்கப்பட்டணத்திலேதான் தொடங்குகின்றது. ஆங்கிலப் படையதிகாரி ஒருவன் காவலரைக் கொன்று, இந்துக் கோயில் ஒன்றுக்குரிய வைரத்தைக் கவர்ந்து செல்கின்றான். ஆண்டுகள் பல கழிந்தபின் அவ்வைரம் யோர்க்சயரிலுள்ள மாளிகையொன்றில் அவன் மருமகளுக்குப் பிறந்தநாட் பரிசாக வழங்கப்பட்டு, அன்றிரவே காணாமற் போகின்றது. மாளிகையில் உள்ளோர் அனைவரும் ஐயத்துக்குரியோர். உள்ளூர்ப் பொலிசார் தடுமாறுகின்றனர். இலண்டனிலிருந்து துப்பறிவோர் ஒருவர் வருகின்றார். கதவிற் பூசப்பட்ட ஈரவண்ணம் எவருடைய ஆடையிற் படிந்தது என்பது முதன்மைச் சான்றாகின்றது. பின்வந்த நூற்றுக்கணக்கான கதைகளின் அச்சு இங்கு முழுமையாக வார்க்கப்பட்டு விட்டது.

காணாமற் போன ஆடை என்னும் சான்று கொலின்சின் வெறும் கற்பனையன்று. 1860 இல் இங்கிலாந்தின் வில்ட்சயர்ப் பகுதியிலே ரோட் ஹில் இல்லத்தில், நான்கு வயதும் நிரம்பாத சிறுவன் ஒருவன் இரவிற் கொல்லப்பட்டான். துப்பறிய வந்த ஜொனதன் விச்சர், காணாமற் போன இரவுடையொன்றைக் கொண்டு, சிறுவனின் மூத்த தாரத்துச் சகோதரியான கொன்ஸ்டன்ஸ் கென்ற் மீது ஐயுற்றார். தாழ்ந்த குடியிற் பிறந்த பொலிஸ்காரன் உயர்குடிப் பெண்ணின் ஆடைகளை ஆராய்வதா எனச் சமூகம் அவரையே பழித்தது. 1865 இல் அப்பெண் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அதற்குள் விச்சரின் நற்பெயர் அழிந்துவிட்டது.

கொலின்ஸ் இந்நிகழ்ச்சியையும் சீரங்கப்பட்டணத்தையும் ஒருங்கே பிணைத்ததிலேதான் அவரது துணிவு விளங்குகின்றது. மாளிகைக்குள் நடந்த திருட்டைத் துலக்கப் புகுந்த கதை, மாளிகைக்குள் அப்பொருள் வந்த வழியையும் துலக்குகின்றது. இறுதியில் வைரம் தன் தெய்வத்தின் நெற்றிக்கே மீள்கின்றது. பின்வந்தோர் அச்சினைக் கொண்டனர், வினாவைக் கைவிட்டனர். அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920 இல் வெளிவந்தது. அவர் வழியில் வளர்ந்த மாளிகைக் கொலைக்கதைகளிலே உயில் யார் பெயரில் உள்ளது, நஞ்சு எக்கோப்பையிற் கலக்கப்பட்டது என்பனவே வினாக்கள். குடியேற்ற நாடுகளிற் செல்வம் ஈட்டித் திரும்பிய முதியவர் அடிக்கடி வருவார். அச்செல்வத்தை அவர் ஈட்டிய முறையை ஆராயும் துப்பறிவாளர் அரியர். கொலையாளி ஒருவன் பிடிபட்டதும் மாளிகை மாசற்றதாகி விடுகின்றது. அக்கதைகள் தரும் இதமும் அதுவே.

தமிழிலே துப்பறியும் நாவல் 1894 இல் நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ மூலம் தோன்றியது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் ஆங்கிலக் கதைகளைத் தழுவி அதனைப் பெருக்கினர். மாளிகை சமீன்தார் பங்களாவாயிற்று. வேறு பெரிய மாற்றமில்லை. இதே காலத்திலே திருகோணமலையார் இருவர் நாவற்றுறையில் முன்னோடிகளாக நின்றமை கருதத்தக்கது. இன்னாசித்தம்பி 1891 இல் ஐரோப்பிய அற்புதக் கதையொன்றைத் தழுவி ‘ஊசோன் பாலந்தை கதை’யை எழுதினார். தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டார், அது நாயக்கர் கால வரலாற்றைப் பொருளாகக் கொண்டது. இருவரும் துப்பறியும் கதையை நாடவில்லை. ஆயினும் கொலின்ஸ் எழுப்பிய வினாவுக்கு அவர்களது ஊரைவிடப் பொருத்தமான களம் வேறில்லை.

வெல்லெஸ்லி இல்லம் நிற்கும் கோட்டை எதனாற் கட்டப்பட்டது? 1620 களிலே போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அந்நிலமுனையைக் காவல் செய்தனர். 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒவ்வொருவரும் முன்னவரிடமிருந்து முறைப்படி வென்றெடுத்தனர் என்றே ஆவணங்கள் கூறும். சீரங்கப்பட்டணத்துப் பங்கீட்டுக் கணக்கைப் போன்றே இதுவும் குறையற்ற கணக்கு. ஆனாற் கோட்டை வாயிலிலே இரட்டைக் கயல் பொறித்த கல்லும், சிதைந்த தமிழெழுத்துகளும் இன்றும் உள. நாவலில் ஆடையிற் படிந்த வண்ணம் போல, எடுத்தவர் துடைக்க மறந்த தடயம் இது.

வைரத்தைத் தேடி மூன்று அந்தணர் கடல் கடந்து சென்றதாகக் கொலின்ஸ் புனைந்தார். கோணேசர் கோயிற் படிமங்களைத் தேடி அவ்வாறு எவரும் அலையவில்லை. 1950 இல் திருகோணமலையிற் கிணறு தோண்டியபோது, முன்னொருகால் மண்ணுட் புதைக்கப்பட்ட சோமாஸ்கந்தர், பார்வதி முதலிய வெண்கலப் படிமங்கள் மண்வெட்டி முனையில் வெளிப்பட்டன. 1963 இற் குடமுழுக்குக் கண்ட புதிய கோயில், அதே பாறையில், கோட்டைவாயில் வழியாகவே சென்று வழிபடும் இடத்தில் உள்ளது. வழிபடச் செல்வோர் வெல்லெஸ்லி இல்லத்தையும் கடந்தே செல்கின்றனர்.