கார் டயரின் காற்றழுத்தம்

குடும்பக் காருக்கு ஏற்ற காற்றழுத்தம் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய அட்டவணையில் இருக்கும். டயரில் பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவே. வண்டி மூன்று மணி நேரமாவது நின்று டயர் குளிர்ந்தபின் அளக்க வேண்டும். கோடையில் வெடித்துவிடும் என்றஞ்சிக் காற்றைக் குறைப்பவர்கள் உண்டு. ஓடும்போது நான்கைந்து பிஎஸ்ஐ ஏறுவது உண்மைதான். அந்த ஏற்றத்தையும் கருதியே பரிந்துரை வகுக்கப்படுகிறது. காற்றுக் குறைந்த டயரோ ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதலாக மடிந்து நிமிர்ந்து, உள்ளுக்குள் சூடேறி, அடுக்குப் பிரியும். அமெரிக்காவில் 2000-ல் இப்படி அடுக்குப் பிரிவதாக ஃபயர்ஸ்டோன் டயர்கள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டபோது, அவை பொருத்தப்பட்ட ஃபோர்டு எக்ஸ்புளோரருக்குப் பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ போதுமா என்பதும் பெரும் சர்ச்சையாயிற்று. அதையொட்டி வந்த சட்டம்தான் அங்கு காற்றழுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கைக் கட்டாயமாக்கியது. விளக்கு இருக்கையில் அளவுமானி எதற்கு என்று கேட்கலாம். அழுத்தம் 25 விழுக்காடு குறைந்த பிறகு எரிந்தாலே அந்த விதிக்குப் போதும். ஸ்டெப்னிக்கோ பெரும்பாலும் அதுவும் கிடையாது.