சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடும் அதன் மீட்பும்

உலர் பசுமைமாறாக் காடு என்பது தென்னிந்தியாவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிக் குறுகிய பட்டையாக அமைந்த காட்டுவகை. வடக்கே ஆந்திரத்தின் ஸ்ரீஹரிகோட்டா, நடுவில் மரக்காணமும் புத்துப்பட்டும், தெற்கே கோடியக்கரை எனத் துண்டு துண்டாகவே இன்று அது எஞ்சியிருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள செம்மண் மேட்டில் 1970களில் தொடங்கி, ஆரோவில் என்ற பன்னாட்டுக் குடியிருப்பின் தன்னார்வலர்கள் இக்காட்டை மீண்டும் வளர்த்தெடுத்ததும், சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாக்கியதும் தமிழகச் சூழலியல் வரலாற்றில் தனி இடம் பெற்றவை. இதை வெறுங்கையோடு வந்தவர்கள் பாலை நிலத்தில் புதிதாகப் படைத்த காடு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. விதையையும் முன்மாதிரியையும் அய்யனார் கோயில்காடுகள் காத்து வைத்திராவிட்டால் அந்த உழைப்பு மரத்தோட்டத்தில் முடிந்திருக்கும், காட்டில் முடிந்திராது.

இக்காட்டின் வகைப்பாடு நெடுங்காலமாக விவாதத்துக்குரியது. ஆங்கிலேயர் காலத்து வனவியலாளர் ஹாரி சாம்பியன் 1936இல் வெளியிட்ட இந்திய, பர்மியக் காட்டுவகை அளவீடு இதைத் தனி வகையாகக் காட்டியது. அதைத் திருத்தி 1968இல் சாம்பியனும் வனவியலாளர் சேத்தும் வெளியிட்ட நூல் இந்தியக் காடுகளை 16 பெருவகைகளாகப் பிரித்து, இதை 7ஆம் வகையாக வைத்தது. தடித்த, பளபளப்பான இலைகளும் குட்டையான அடிமரமும் கொண்ட மரங்கள் 9 முதல் 12 மீட்டர் உயரத்தில் இடைவெளியின்றித் தலைகோத்து நிற்பது இதன் அடையாளம். இங்கே ஒரு புதிர் இருக்கிறது. ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் வறண்டு கிடக்கும் நிலத்தில் மரங்கள் இலையுதிர்ப்பதே இயல்பு. இவை ஏன் உதிர்ப்பதில்லை? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் மேஹர்-ஹோம்ஜி இந்தக் கேள்வியை மழையின் காலத்தோடு சேர்த்து ஆராய்ந்தார். இக்கரையின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்கிறது. அதைத் தொடர்வது மிதமான வெப்பமும் பனியும் உள்ள மாதங்கள். கோடையிலும் அவ்வப்போது மழையும் கடற்காற்றின் ஈரமும் கிடைத்துவிடுகின்றன. அதனால் மண்ணின் ஈரம் உள்நாட்டைப்போல் ஒரேயடியாக வற்றிப்போவதில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. இது முதிர்ந்த காடே அல்ல, வெட்டியும் மேய்த்தும் சிதைந்த புதர்க்காட்டின் ஒரு நிலை என்பது ஒரு சாராரின் கருத்து. கோயிலைச் சுற்றி மட்டும் மரம் நெருக்கமாக நிற்பதற்கு மனிதரின் பராமரிப்பே காரணம், அதை வைத்து மொத்தக் கரையையும் அளக்கக் கூடாது என்பது இன்னொரு வாதம். ஆனால் கடலுக்கு அப்பால் பார்த்தால் இவ்வாதங்கள் வலுவிழக்கின்றன. அதே வடகிழக்கு மழையை நம்பியுள்ள இலங்கையின் உலர் வலயத்தில், வன்னிக் காடுகளில், பாலையும் வீரையும் பெருமரங்களாகப் பரந்து நிற்கின்றன.  கோயில் எல்லைக்குள் அடங்காத அந்தப் பெருங்காட்டிலும் அதே இலையமைப்பும் அதே மரங்களும் இருப்பதால், பசுமைமாறாக் காடே இம்மழைக்குரிய முழுமையான வடிவம் என்றும், முட்புதரே அதன் சிதைவு என்றும் கொள்வதே பொருத்தம்.

கோயில்காட்டை அருகில் சென்று பார்த்தால் அதன் செல்வம் விளங்கும். புத்துப்பட்டு அய்யனார் கோயிலை அடுத்த காட்டில், உலக்கை செய்ய உதவும் வைரம் பாய்ந்த பாலை, வீரை, காயா, களா, காட்டு எலுமிச்சை போன்றவை கொடிகளோடு பின்னிக் கிடக்கின்றன. தரையில் ஓர் அடுக்கு, புதரில் ஓர் அடுக்கு, மேலே கவிகை என்று நிழல் படிப்படியாக ஏறுகிறது. இம்மரங்களில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள பழம் தருபவை. கொண்டைக்குருவியும் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் அவற்றைத் தின்று விதையைத் தொலைவில் போடுகின்றன. காட்டில் கத்தி படக் கூடாது, சுள்ளி பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடே இத்தனையையும் காத்தது. அது சாமிக்குப் பயந்த செயல், இயற்கைப் பாதுகாப்பு ஆகாது என்பாரும் உளர். நோக்கம் எதுவாயினும், காட்டை மீட்க விதை பொறுக்கப் போன ஆரோவில் தன்னார்வலர்களுக்குத் தாய்மரம் அங்கேதான் நின்றது.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டபோது அந்தச் செம்மண் மேடு விறகுவெட்டாலும் மேய்ச்சலாலும் மொட்டையாகிக் கிடந்தது. மழை பெய்தால் செந்நீர் ஓடைகளை அறுத்துக்கொண்டு கடலில் கலந்தது. ஆகவே முதல் வேலை மரம் நடுவதாக இல்லை, நீரைத் தடுப்பதாகவே இருந்தது. வயலைச் சுற்றி மண்வரப்பு எழுப்பி, பெய்த மழையை அங்கேயே தேக்கி இறங்கவிட்டனர். ஓடைகளின் குறுக்கே சிறு தடுப்பணைகள் போட்டு வண்டலை நிறுத்தினர். ஆடுமாடு நுழையாமல் முள்வேலி கட்டி, குழியில் எரு இட்டு, நாற்றுக்குக் குடம் குடமாக நீர் சுமந்தனர். வரப்பு வெட்டுவதிலும் நாற்று வளர்ப்பதிலும் குயிலாப்பாளையம் போன்ற சுற்றூர்களின் கூலியாட்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போனது என்ற ஊராரின் குறை நியாயமானதே. எனினும் மேட்டில் நின்ற மழைநீர் கீழுள்ள கிணறுகளுக்கும் ஊறிப் போகிறது. அந்தப் பயனை வேலி தடுப்பதில்லை.

தொடக்கத்தில் அவர்கள் ஆஸ்திரேலிய வேலமர வகை ஒன்றை ஏராளமாக நட்டதே இம்முயற்சியின் மீதான பெரிய குற்றச்சாட்டு. மண்ணுக்குரிய காட்டை மீட்க அயல்மரம் எதற்கு என்ற கேள்வி சரியானது. ஆனால் வெயிலில் வெந்த வெற்றுமண்ணில் வீரை நாற்றும் காயா நாற்றும் நிழலின்றிப் பிழைப்பது அரிது. விரைவாக வளரும் அந்த வேலமரம் நைட்ரஜனை மண்ணில் சேர்த்தது, சருகு உதிர்த்தது, நிழல் தந்தது. அதன் அடியில் நாட்டு மரங்களை நட்டனர். பறவைகளும் விதை போட்டன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது இவ்வுத்தியின் பலன் வெளிப்பட்டது. வேலமரங்கள் பெருவாரியாக முறிந்தும் சாய்ந்தும் விழ, குட்டையாகவும் உறுதியாகவும் வளர்ந்திருந்த நாட்டு மரங்கள் பெரிதும் நிலைத்தன. திறந்துகொண்ட வெளிச்சத்தில் கீழிருந்த கன்றுகள் மேலெழுந்தன. செவிலிமரம் தன் வேலையை முடித்து விலக வேண்டியதே முறை. அதை விலக்காமல் விட்ட இடங்களில் குற்றச்சாட்டு இன்னும் நிற்கிறது.

நட்டவர்கள் கற்பிக்கவும் இறங்கியதே இப்பணியை நிலைக்கச் செய்தது. ஆரோவிலில் 1973இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு, மூலிகைத் தாவரங்களைத் தொகுத்ததோடு, கழுவேலி ஏரிப் பகுதியிலுள்ள நடுக்குப்பத்தில் அரசுப் பள்ளியோடு சேர்ந்து சுற்றுச்சூழல் கல்வியை நடத்திவருகிறது. காட்டு எலுமிச்சை இலையைக் கசக்கி முகர்ந்த பிள்ளை அம்மரத்தை மறப்பதில்லை. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகளில் பலர் கிளையோடு ஒட்டிப் பூக்கும் அந்த நீலப் பூவைக் கண்டதில்லை. அதைக் காட்டுவதற்குக் கோயில்காட்டைவிட நல்ல வகுப்பறை கிடையாது. வெளியூரார் வந்து உள்ளூராருக்கு இயற்கையைக் கற்பிப்பதா என்ற ஆட்சேபத்துக்கும் இங்கேதான் விடை. மருந்துக்குரிய இலை எது, பழம் எப்போது பழுக்கும் என்று அறிந்தவர்கள் ஊர்ப் பெரியவர்களும் வைத்தியர்களுமே. அவர்களைப் பிள்ளைகள் முன் நிறுத்தும்போது பாடம் வெளியிலிருந்து வந்ததாகாது. பிச்சாண்டிக்குளத்தின் இதே அனுபவத்தைக் கொண்டு சென்னையில் 58 ஏக்கர் அடையாறு பூங்கா மீட்கப்பட்டது. 2011இல் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்ட அதிலும் பள்ளி மாணவருக்கு இயற்கைக் கல்வி நடக்கிறது.

கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆரோவில் காட்டின் ஊடே நகரச் சாலை அமைப்பது குறித்த வழக்கில், அதைக் கட்டுப்படுத்திய பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ரத்து செய்தது. கோயில்காடுகளோ திருப்பணி, வாகன நிறுத்தம், சீமைக்கருவேலம் ஆகியவற்றால் ஓரத்திலிருந்து சுருங்கிவருகின்றன. நட்ட காட்டை மறுபடியும் நடலாம். தாய்மரம் போனால் விதைக்குப் போக இடமில்லை. ஆகவே கோயில்காடுள்ள ஒவ்வோர் ஊரிலும் பள்ளி தன் பிள்ளைகளைக் கொண்டு அதன் மரங்களைப் பெயரிட்டுப் பதிவு செய்வதும், கோயில் நிர்வாகம் கட்டடத்தைக் காட்டுக்கு வெளியே வைத்துக்கொள்வதும் உடனே செய்ய வேண்டியவை.